வீட்டு வாசலோடு நின்றுவிடும் சட்டம்

சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். ஒரு காலத்தில் விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட எல்லாவற்றுக்கும் பிஞ்சு விரல்கள்தான். எண்ணிக்கைக்குத் தக்க கூலி என்பதால் தலை நிமிராது, கை ஓயாது.

அந்தப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்டதுதான் எம்.சி. மேத்தா வழக்கு. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் மறுவாழ்வு நிதியில் கட்ட வேண்டும். அரசு அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். பிள்ளையின் கூலியை நம்பி உலை வைக்கும் வீட்டுக்கு மாற்று வழி வேண்டும் என்று நீதிமன்றம் யோசித்தது பெரிய விஷயம்.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சுரண்டலிலிருந்தும், படிப்பையும் உடலையும் கெடுக்கும் வேலையிலிருந்தும் காக்கப்படுவது குழந்தையின் உரிமை என்கிறது அதன் 32-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தபோதே, எல்லாத் தொழில்களுக்கும் உடனடியாகக் குறைந்தபட்ச வயது வகுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, படிப்படியாகச் செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138, 182-ஆம் உடன்படிக்கைகளை ஏற்க 2017 ஜூன் வரை ஆனது.

இத்தகைய உடன்படிக்கைகள் நம் ஊரில் தாமாக நடைமுறைக்கு வந்துவிடாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அப்படித்தான் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களில் 18 வயதுவரை கூடாது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை ‘உதவலாம்’.

என் மனம் ஒப்பாத இடம் இதுதான். 2020-இல் உலகெங்கும் குழந்தைத் தொழிலாளர்கள் சுமார் 16 கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் 72 விழுக்காட்டினர் உழைத்தது சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே, பெரும்பாலும் வயல்காட்டில். வேலை மிகுதியாக நடக்கும் இடத்தில்தான் நம் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

2017-இல் வந்த விதிகள் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தின. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை பிள்ளை உதவக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொழில் அந்தக் குடும்பத்துடையதாகவே இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் அட்டை வாங்கி வந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று அம்மாவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டும் சிறுமி, இந்த விதிப்படி உதவி செய்யவில்லை. கூலி வேலை செய்கிறாள். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்ட எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

முப்பது நாள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் தலைமையாசிரியர் தகவல் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் இவள் தினமும் வருகிறாள். பதிவேட்டில் குறை இல்லை. இரண்டாம் பாடவேளையில் தலை சாய்வதையும், விரல் நுனியில் காய்ந்திருக்கும் பசையையும் வகுப்பாசிரியர்தான் பார்க்க முடியும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.