புதைநிலைத் தேக்குத்திறன்: மின்சுற்றுப் பலகைக்குள் ஒரு நீர்ப்பாசனம்



பால்மரம் வெட்டி வாழ்ந்த கெடாத் தமிழரின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைச் சீருடையில் வேலைக்குச் செல்கின்றனர். 1972இல் பினாங்கில் இன்டெல் நிறுவனம் தன் தொழிற்கூடத்தைத் தொடங்கியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறப்புவிழாக் கண்டது. அத்தகைய ஆலைகளில் மணிக்கட்டில் நிலக்கம்பியோடு இணைந்த பட்டையை அணியாமல் மின்சுற்றுப் பலகையைத் தொடக்கூடாது என்பது விதி. விதியைப் பலர் அறிவர். அதன் காரணத்தைத் தம் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்க இயலுமா என்பதே கேள்வி.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, இன்று மின்னணுவியல் துறையில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவர், தம் பழைய பள்ளியின் அறிவியல் விழாவுக்காக எழுதிய உரையை என்னிடம் காட்டினார். அதில் 'புதைக்கப்பட்ட மின்தேக்கி' என்றொரு தொடர் இருந்தது. "பலகையை அறுத்துப் பார்த்தால் அந்த மின்தேக்கி தென்படுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இல்லை ஐயா, அங்கே அப்படி ஒரு பொருளே கிடையாது" என்றார்.

சிக்கல் சொல்லில்தான் இருந்தது. 'தேக்கி' என்பது தேக்கும் பொருளைக் குறிக்கும். 'தேக்குத்திறன்' என்பது பண்பைக் குறிக்கும். பலகைக்குள் புதைந்திருப்பது பண்பு. ஆகவே 'புதைநிலைத் தேக்குத்திறன்' என்பதே பொருந்தும். பெயர் திருந்தினால் கருத்தும் தெளிவாகும்.

முதலில் பகையை அறிவோம். காலணி தரையில் உரசும்போது நம் உடலில் மின்னூட்டம் சேர்கிறது. ஈரக்காற்றில் அது பெரும்பாலும் கசிந்துவிடும். குளிரூட்டிய உலர் அறையில் தங்கிவிடும். பின்னர் ஓர் உலோகத்தைத் தொட்டவுடன் ஒரே பாய்ச்சலாக வெளியேறும். இதுவே நிலைமின்னிறக்கம். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்கு மேற்பட்டால்தான் நம் விரல் அதை உணரும். நுண்சில்லுகளில் சில 100 வோல்ட்டுக்கும் குறைவான இறக்கத்திலேயே பழுதடையும். பழுதுற்ற சில்லு சில வேளைகளில் சோதனையில் தேறி, வாங்கியவர் வீட்டில் சில மாதங்கள் கழித்துச் செயலிழப்பதும் உண்டு.

பலகையின் உள்ளே இரண்டு செப்புத் தகடுகள் பரந்து கிடக்கின்றன. ஒன்று மின்வழங்கு தகடு, மற்றொன்று நிலத்தகடு. சில்லு இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டில் வாழ்கிறது. இரண்டும் ஒருசேர உயர்ந்து தாழ்ந்தால் அதற்குத் தீங்கு குறைவு. ஒன்று மட்டும் திடீரென எழும்பினால்தான் ஆபத்து. அவ்வாறு எழும்பாமல் தடுக்க, தகடுகளுக்கு இடையே பலகையின் மேற்பரப்பில் மின்தேக்கிகளை ஒட்டுவது வழக்கம்.

இங்கே நம் மாநிலத்து வயல்வெளி துணைக்கு வருகிறது. 1970 முதல் பெடு, மூடா அணைகளின் நீர் கெடாச் சமவெளியில் இருபோக நெல் விளையத் துணைநிற்கிறது. அணையில் நீர் மிகுதி. ஆயினும் மதகைத் திறந்த கணமே அது வயலை அடைவதில்லை. ஆற்றையும் கால்வாயையும் கடந்து வரவேண்டும். வரப்போரத்து வாய்க்காலில் நீர் சிறிதே. ஆனால் அது உடனே கிடைக்கும்.

மேற்பரப்பு மின்தேக்கி அணையைப் போன்றது. அதற்குச் செல்லும் கம்பித்தடம் சிறிதே ஆயினும் தன் மின்தூண்டலால் விரைவு மாற்றத்தை எதிர்க்கும். பன்னாட்டுச் சோதனை முறைப்படி 8,000 வோல்ட் நேர்த்தொடு இறக்கத்தில் மின்னோட்டம் ஒரு நானோநொடிக்குள், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கிற்குள், ஏறத்தாழ 30 ஆம்பியராக உயர்கிறது. தடத்தின் மின்தூண்டல் ஒரு நானோஹென்றி மட்டுமே எனினும், அந்நேரத்தில் அதன் குறுக்கே 30 வோல்ட் தோன்றும். சில்லோ மூன்று வோல்ட்டில் இயங்குவது!

இதற்கு மாற்றாக, இரு செப்புத் தகடுகளையும் மிக நெருக்கமாக அமைத்தனர். கலிபோர்னியாவின் சைக்கான் நிறுவனம் இதற்கான மென்தகட்டு அமைப்புக்கு 1992இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. தகடுகளின் இடைவெளி ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர். மெல்லிய தலைமயிரின் தடிப்பு. இடைவெளி குறையக் குறையத் தேக்குத்திறன் பெருகும், மின்தூண்டலும் குறையும். தகடு எங்கும் பரந்திருப்பதால் எந்தச் சில்லுக்கும் வாய்க்கால் அருகிலேயே இருக்கும்.

இதன் அளவை மாணவர்களே கணக்கிடலாம். பரப்பை இடைவெளியால் வகுத்து, இடைப்பொருளின் மின்விடுதிறனால் பெருக்க வேண்டும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பலகை, 50 மைக்ரோமீட்டர் இடைவெளி, ஒப்புமை மின்விடுதிறன் 4 எனில், விடை ஏறத்தாழ 7 நானோஃபாரட். இடைவெளி ஒரு மில்லிமீட்டராக இருந்தால் அதில் இருபதில் ஒரு பங்கே கிடைக்கும்.

இனி எச்சரிக்கை. சோதனைக் கருவியின் 150 பிக்கோஃபாரட் மின்தேக்கியில் 8,000 வோல்ட் ஏற்றினால் 1.2 மைக்ரோகூலும் மின்னூட்டம் சேரும். அது முழுவதும் நேரே மின்வழங்கு தகட்டில் விழுவதாகக் கொண்டால், நம் 7 நானோஃபாரட் பலகையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 170 வோல்ட் உயரும். வாய்க்கால் நிரம்பி வழிகிறது. அதே மின்னூட்டத்தை 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஏற்றால் உயர்வு 0.12 வோல்ட் மட்டுமே.

ஆக, முதல் நானோநொடியின் அதிர்ச்சியைத் தாங்குவது புதைநிலைத் தேக்குத்திறன். பின்தொடரும் மின்னூட்டத்தை ஏற்பது மேற்பரப்பு மின்தேக்கி. இவ்விரண்டிற்கும் முன்னதாக, இணைப்புவாயிலிலேயே மின்னிறக்கத்தை நிலத்தகட்டுக்குத் திருப்பிவிடும் காப்பு இருமுனையம் வேண்டும். பலகையைக் கையாளும்போது மணிக்கட்டுப் பட்டையும் வேண்டும். 'எங்கள் பலகைக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கிறது' என்று நம்பிப் பட்டையைக் கழற்றுபவர், வாய்க்கால் இருக்கிறதென்று அணையை மூடுபவருக்கு ஒப்பாவார்.

என் மாணவர் தம் உரையில் ஒரு சொல்லை மாற்றினார். விழாவில் ஒரு சிறுமி, "அப்படியானால் தகடுகளை இன்னும் நெருக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டாளாம். தேக்குத்திறன் இன்னும் பெருகும். ஆனால் இடைப்பொருள் மெலிந்து, தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும் இடரும் மின்முறிவும் நேரலாம். பொறியாளர் எழுப்பும் அதே வினாவை அவள் எழுப்பியிருக்கிறாள். மின்தேக்கி என்றொரு பொருளை மட்டும் கற்பனை செய்திருந்தால் அவளுக்கு அவ்வினா எழுந்திராது.

கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், மாணவர் எந்த வினாவைக் கேட்கப்போகிறார் என்பதையும் அப்போதே தேர்ந்தெடுத்துவிடுகிறார். கூலிமுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் விதியை மட்டும் சுமந்து செல்லாமல், அதன் காரணத்தையும் தாய்மொழியில் அறிந்து செல்லுதல் வேண்டும்.