அளவுக் கோப்பை

அளவுக் கோப்பை அல்லது அளவுக் கப் என்பது சமையலில் அரிசி, மாவு, சர்க்கரை, பால் முதலிய பொருட்களைக் கனவளவால் அளக்கப் பயன்படும் கொள்கலன் ஆகும். தமிழர் சமையலறையில் படி, உழக்கு, ஆழாக்கு ஆகியன இதே பணியைச் செய்து வந்துள்ளன.

தமிழர் முகத்தல் அளவைகள்

தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வழங்கிய வாய்பாடு பின்வருமாறு:

- 5 செவிடு = 1 ஆழாக்கு
- 2 ஆழாக்கு = 1 உழக்கு
- 2 உழக்கு = 1 உரி
- 2 உரி = 1 படி (நாழி)
- 8 படி = 1 மரக்கால் (குறுணி)

வாய்பாடு ஒன்றாயினும் படியின் கொள்ளளவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. சென்னைப் படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மிகுதியானது. எனவே அதன் ஆழாக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் ஆகும். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் வணிகத்தில் லிட்டரும் கிலோகிராமும் இவற்றின் இடத்தைப் பெற்றன.

கப் அளவுகள்

"ஒரு கப்" என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு இல்லை.

- அமெரிக்கக் கப்: சுமார் 237 மில்லிலிட்டர்
- மெட்ரிக் கப் (ஆத்திரேலியா முதலியன): 250 மில்லிலிட்டர்
- மின் அரிசிக் குக்கருடன் வரும் கப்: பொதுவாக 180 மில்லிலிட்டர்

இறுதியாகக் கூறப்பட்டது யப்பானின் "கோ" என்னும் மரபு அளவையிலிருந்து வந்தது. குக்கர் பாத்திரத்தின் உட்புறக் கோடுகள் இக்கப்புக்கு மட்டுமே பொருந்தும்.

விகிதமும் தனி அளவும்

இட்லி மாவுக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்பது பரவலான கணக்கு. இரண்டையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் அது உழக்காயினும் டம்ளராயினும் விகிதம் மாறாது. வீட்டுச் சமையல் நெடுங்காலம் தரப்படுத்திய கோப்பையின்றி நடைபெற்றமைக்கு இது ஒரு காரணமாகும்.

கேக் முதலியவற்றில் நிலைமை வேறு. அவற்றின் செய்முறையில் மாவு கப்பாலும், பேக்கிங் பவுடர் கரண்டியாலும், முட்டை எண்ணிக்கையாலும் குறிக்கப்படும். 250 மில்லிலிட்டர் கப்புக்கு எழுதிய குறிப்பை 200 மில்லிலிட்டர் டம்ளரால் செய்தால் மாவு ஐந்தில் ஒரு பங்கு குறையும்; முட்டையும் பேக்கிங் பவுடரும் குறையா. இதனால் கலவை நீர்த்து, கேக் பொங்கி எழுந்து நடுவில் அமிழ்ந்துவிடக்கூடும்.

அளக்கும் முறை

பழைய படி அளவையில் குவித்து அளத்தல், தலை தட்டி அளத்தல் என இரு முறைகள் இருந்தன. அளவுக் கோப்பையில் உலர்ந்த பொருட்களுக்குத் தலை தட்டுதலே முறையாகும். அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர் 1896 இல் வெளியிட்ட சமையல் நூல் இம்முறையைப் பரப்பியது.

மைதாவைக் கரண்டியால் மெல்ல இட்டுத் தலை தட்டினால் ஓர் அமெரிக்கக் கப்பின் எடை சுமார் 120 கிராம். கோப்பையை மாவில் அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை செல்லக்கூடும். நீர்மங்களைச் சமதளத்தில் வைத்து, கோட்டைக் கண்மட்டத்தில் பார்த்து அளத்தல் வேண்டும். மிகத் துல்லியம் தேவைப்படும் இடங்களில் தராசே சிறந்தது.

வீட்டு டம்ளரின் கொள்ளளவை அறிய, அதில் விளிம்பு வரை நீர் நிரப்பி எடையிடலாம். ஒரு கிராம் நீர் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ஆகும்.