721.9இல் நிற்கும் கோடு

ஒளியின் அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. அதைக் கோடை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கோவை மாணவருக்குத் தொலைநோக்கி தேவையில்லை, மடிக்கணினி போதும். ஸ்லோன் வான் அளவாய்வு 2000 முதல் பதிந்துவரும் லட்சக்கணக்கான விண்மீன் திரள்களின் நிறமாலைகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், தேசிய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டம் இருக்கிறது.

ஒரு வம்பும் உண்டு. செம்பெயர்ச்சியைக் கணக்கிட்டு அந்தத் தரவிலேயே போட்டிருப்பார்கள். அதை எடுத்து வரைபடம் வரைந்து கொடுத்தால் அது ஆய்வல்ல, நகலெடுப்பு. அந்த எண்ணை மறைத்துவிட்டுக் கோடுகளைத் தானே அளப்பதில்தான் ருசி.

ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர். ஒரு திரளின் நிறமாலையில் 721.9இல் பளிச்சென்று ஒரு கோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கோடுதான் என்றால் செம்பெயர்ச்சி 0.1, ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகள். ஆனால் அது 500.7இல் பிறந்த ஆக்சிஜன் கோடாகவும் இருக்கலாமே? அப்படியானால் செம்பெயர்ச்சி 0.44, தூரம் எங்கேயோ போய்விடும். ஒற்றைக் கோட்டை நம்பக் கூடாது. ஹைட்ரஜனின் 486.1 கோடும் அதே விகிதத்தில் நகர்ந்து 534.7இல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் செய்ததும் இதைத்தான். 3சி 273 என்ற ரேடியோ மூலத்தின் புரியாத கோடுகள், 15.8 சதவீதம் நகர்ந்த ஹைட்ரஜன் வரிசை என்று கண்டுகொண்டார். எந்தப் புள்ளியைப் பார்ப்பது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது நிலா. அந்த ரேடியோ மூலத்தை நிலா மறைத்த கணங்களை 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் குறித்துத்தான் அதன் இடத்தைத் துல்லியமாக்கினார்கள்.

அதே நிலா மறைப்பை மனதில் வைத்துத்தான் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். 1970இல் அது இயங்கத் தொடங்கியது. சுமார் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததில் இருக்கிறது சூட்சுமம்: அவ்விடத்தின் அட்சரேகையும் 11 பாகைதான். வடக்கு தெற்காகக் கிடக்கும் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மே மாதக் கூட்டத்தில் மேட்டுப்பாளையம் வழியாக ஏறும் கோவைக்காரர்கள் பலர் ஊட்டிப் பூங்காவைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அந்தக் கருவி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 92 சென்டிமீட்டர் அலை. ஹைட்ரஜன் அணுக்களின் 21 சென்டிமீட்டர் அலை 4.35 மடங்கு நீண்டால் அங்கே வந்து விழும், செம்பெயர்ச்சி 3.35. மாணவர் கோட்டைப் பார்த்துச் செம்பெயர்ச்சியைக் கண்டுபிடிக்கிறார். ஊட்டியிலோ செம்பெயர்ச்சி முன்பே முடிவான ஒன்று. ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹைட்ரஜன் அங்கே தென்படுகிறதா என்பதே கேள்வி. வானியலாளர் ரவி சுப்ரமணியனும் ஸ்வரூப்பும் தேடினார்கள். அகப்படவில்லை என்று 1990இல் எழுதினார்கள். தொலைநோக்கியை மேம்படுத்தும் திட்டத்தின் இலக்குகளில் அந்தத் தேடலும் ஒன்று.