மசியலுக்குள் மறையும் பச்சை

உருளைக்கிழங்கை நறுக்கிப் பொரியல் செய்தால் கெட்ட துண்டு தட்டில் கண்ணுக்குப் படும், ஒதுக்கிவிடலாம். மசித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. பச்சைபிடித்த தோலோரமும் முளைவிட்ட கண்ணும் வெண்ணெயோடும் பூண்டோடும் கலந்து ஒரே நிறமாகிவிடும். அதைச் சாப்பிடுகிறவர்களோ பெரும்பாலும் பல் முளைக்காத குழந்தை, பல் விழுந்த பாட்டி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். அதனால்தான் மசியலின் ருசியைப் பேசும்போதே அதன் ஆபத்தையும், கடையில் நமக்குள்ள உரிமையையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

உருளைக்கிழங்கில் சொலனைன், சாக்கோனைன் என்ற இரண்டு கசப்பு நச்சுகள் இயல்பாகவே உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. நல்ல கிழங்கில் இதைவிட வெகு குறைவாகவே இருக்கும். வெயிலிலோ டியூப்லைட் வெளிச்சத்திலோ கிடந்தாலும், அடிபட்டாலும், முளைவிட்டாலும் அளவு ஏறும். தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் கண்களிலும் முளையிலும்தான் இந்த நச்சு அதிகம். பச்சை நிறம் இலையில் இருக்கும் அதே பச்சையம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கிழங்கு வெளிச்சத்தில் கிடந்திருக்கிறது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. இந்த நச்சு கொதிக்கும் தண்ணீரில் அழிவதில்லை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் இதே கதைதான்.

லண்டனில் ஒரு பள்ளியில் நடந்தது 1979-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவானது. விடுமுறைக்கு முன் வாங்கி மூட்டையிலேயே கிடந்த உருளைக்கிழங்கைப் பள்ளி திறந்ததும் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். 78 மாணவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, எல்லோரும் பிழைத்தார்கள். விடுதிச் சமையலறை, கல்யாண மண்டபம், அன்னதானக் கூடம் என்று மூட்டைக் கணக்கில் வாங்கி வைக்கும் இடங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது? லேசாக ஓரிடத்தில் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் செதுக்கி எறியலாம். சின்ன முளை என்றால் கண்ணோடு சேர்த்துத் தோண்டிவிடலாம். பாதிக் கிழங்கு பச்சை, நீள நீளமாக முளை, தோல் சுருங்கித் தொளதொள என்று இருந்தால் முழுதாக எறியுங்கள். குழந்தைக்குச் செய்வதாக இருந்தால் பச்சை தட்டிய கிழங்கைத் தொடவே வேண்டாம். வாங்கி வந்ததும் பாலிதீன் பையிலிருந்து எடுத்து, காற்றோட்டமான இருட்டு மூலையில் சாக்கு விரித்துக் கொட்டி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கில் மாவு சர்க்கரையாக மாறி மசியல் தித்திக்கும்.

இனி ருசி. தோல் லேசாக உரியும் புதுக்கிழங்கு மசியலுக்கு ஆகாது, பிசுபிசுக்கும். முற்றிய, மாவுத்தன்மை உள்ள கிழங்குதான் பஞ்சாக வரும். அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவுத் துண்டுகளாக்கி, உப்புப் போட்ட பச்சைத்தண்ணீரில் இட்டு அடுப்பேற்றுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்து நடுப்பகுதி வேகாமல் நிற்கும். உரித்த பூண்டுப் பல் நான்கைந்தைக் கூடவே போட்டால் காரம் அடங்கி வாசனை மட்டும் ஏறும். கத்தி தடையில்லாமல் இறங்கியதும் நீரை ஒட்ட வடித்து, அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் ஈரம் வற்றவிடுங்கள். பலர் தவறவிடும் படி இதுதான். தண்ணீர் நின்ற கிழங்கில் வெண்ணெய் எவ்வளவு போட்டாலும் சப்பென்றுதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிட்டிகைக் கிழங்கை வெறுமனே வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தாலோ, நாக்கும் தொண்டையும் எரிந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். வெண்ணெயும் பூண்டும் மிளகும் சேர்ந்தபின் அந்தக் கசப்பு தெரியாது. தடுக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இதுவே.

பிறகு சூட்டோடு மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள், மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். முதலில் 50 கிராம் வெண்ணெய், அது உருகிக் கலந்ததும் சூடான பால் அரை டம்ளர், கடைசியில் அப்போது இடித்த மிளகு. நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் நம் சோற்றுத் தட்டுக்குப் பொருந்திவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உப்பில்லாமல் தனியாக வேகவையுங்கள். சிறுநீரக நோயாளிக்கு உருளைக்கிழங்கின் பொட்டாசியம் சுமை. எவ்வளவு தரலாம் என்பதை மருத்துவரைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். வெண்ணெய் வாங்கும்போது உறையைப் படியுங்கள். மார்ஜரின், ஃபேட் ஸ்ப்ரெட் என்று போட்டிருந்தால் அது வெண்ணெய் இல்லை.

மிச்சம் வைப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. மசியல் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அது விடும் ஒருவகை நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், அலுமினியத் தாள் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை நாள்கணக்கில் வெளியிலேயே வைத்திருந்து, பின்னர் மசித்துத் தொடுகறி செய்த ஓர் உணவகத்தால் 30 பேருக்கு, வேறொரு கிருமியின் நச்சால், நரம்பை முடக்கும் பாட்டுலிசம் வந்தது. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் மசியலை வெளியே வைக்காதீர்கள். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் நன்றாகச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

கடையில் உங்களுக்கு உள்ள பலத்துக்கு வருவோம். பில் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் தருவது 30 நாள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அட்டையைக் கண்டு திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் காய்கறிக்கு 30 நாள் காத்திருந்தால் குறை யாருடையது என்று நிரூபிக்க முடியாது. வலைப்பையைப் பிரித்ததும் பச்சை தெரிந்தால் அன்றே படமெடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். தள்ளுவண்டிக்காரரிடம் சண்டை வேண்டாம். பொறுக்கி எடுக்க அனுமதி கேளுங்கள், மேலே ஒரு சாக்கு போர்த்தச் சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள், பச்சை தட்டினால் நட்டம் அவருக்கும்தானே.

வெளியில் வாங்கிய மசியலோ பாக்கெட் கிழங்குத்தூளோ சந்தேகமாக இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி நீங்களே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கலப்படமோ கெட்ட உணவோ கண்டால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சாப்பிட்டபின் வாந்தி, பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தானாகச் சரிந்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ உடனே 108. மீந்த உணவை எறியாமல் சுத்தமான டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். விற்ற உணவால் உடல்நலம் கெட்டது உறுதியானால் அதே 2006 சட்டத்தின் 65-ஆவது பிரிவு, சாதாரணப் பாதிப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரையும் கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரையும் இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. உயிரிழப்பு என்றால் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.