குட்டி எலியின் முன்பல்லும் ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஆயுளும்

1962-ல் ‘ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி’ ஆய்விதழில் ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளரின் கட்டுரை ஒன்று வெளியானது. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தை, பிறந்த குட்டிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினால் முன்பற்கள் சீக்கிரம் முளைக்கின்றன, கண்ணிமைகள் சீக்கிரம் திறக்கின்றன என்பதுதான் அதன் சாரம். வழக்கமாக 12 முதல் 14 நாளில் கண் திறக்கும் குட்டி, ஏழாம் நாளையொட்டியே திறந்துவிட்டது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால், கோஹனாலேயே நேராகப் பதில் சொல்லியிருக்க முடியாது. ஓர் ஆய்வாளரின் எழுத்துக்கு எவ்வளவு தாக்கம் என்பதை இன்று சில எண்களைப் பார்த்தே முடிவு செய்கிறோம். வாய் நலமும் செல்களின் சமிக்ஞையும் சந்திக்கும் இந்தத் துறையில் அந்த எண்கள் எவ்வளவு குறுகியவை என்பதைக் காட்ட, இதைவிடப் பொருத்தமான கட்டுரை எனக்குத் தெரியவில்லை.

கோஹன் தேடிப்போனது இந்தப் புரதத்தை அல்ல. ரீட்டா லெவி-மொண்டால்சினியுடன் சேர்ந்து, நரம்புகளை வளரச் செய்யும் வேறொரு புரதத்தை ஆராய்ந்துவந்தார். முதலில் அது பாம்பின் நஞ்சில் ஏராளமாக இருப்பது தெரிந்தது. நஞ்சுப் பை என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்ற யோசனையில் சுண்டெலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியைச் சோதித்தார்கள், அங்கேயும் இருந்தது. அந்தச் சாற்றைச் செலுத்திய குட்டிகளில்தான் கண்ணும் பல்லும் முந்திக்கொண்டன. நரம்புப் புரதத்தை நன்றாகச் சுத்திகரித்த பிறகு இந்த விளைவு வரவில்லை. அப்படியானால் சாற்றில் கலந்திருந்த வேறு ஏதோ ஒன்றின் வேலை இது. கலப்படம் என்று கழித்துவிடாமல், இமை திறக்கும் நாளையே அளவுகோலாக வைத்து அந்த ‘வேறு ஏதோ ஒன்றை’ப் பிரித்தெடுத்தார் கோஹன். மேல்தோல் செல்களை வளரத் தூண்டும் அந்தப் புரதத்துக்கு ஈ.ஜி.எஃப். என்று பெயர். 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலி அது. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் அது வந்து ஒட்டியதும், உள்ளே ‘வளர், பிரி’ என்ற உத்தரவு வரிசையாகக் கைமாறுகிறது. செல் சமிக்ஞை பற்றிய இன்றைய அறிவில் கணிசமான பகுதி இந்த ஏற்பியை ஆராய்ந்ததில் கிடைத்ததே. 1986-ல் கோஹன், லெவி-மொண்டால்சினி இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஏற்பி வாய், தொண்டைப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. அதை அடைக்கும் செடுக்ஸிமாப் மருந்தைத் தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளிகள் 424 பேரிடம் சோதித்த முடிவு 2006-ல் வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 29.3 மாதம்; மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 49 மாதம். எலிக்குட்டியின் பல்லிலிருந்து இந்த இடத்துக்கு வர 44 ஆண்டுகள் ஆயின. ஆய்விதழ்களின் தாக்கக் குறியீடோ முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளைத்தான் கணக்கில் எடுக்கிறது. அதை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்டு இதழ்களை ஒப்பிடுவதற்காகவே உருவாக்கினார். தனிமனிதரை அளக்க அதைப் பயன்படுத்துவது குறித்து அவரே எச்சரித்தார். மேற்கோள்களைக் கூட்டிப் பார்த்தாலும் கதை தெளிவாகாது. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது 1951-ல் லோரி குழு எழுதிய கட்டுரை. 3 லட்சத்துக்கும் மேல். புரதத்தின் அளவைக் கண்டறியும் ஒரு செய்முறை அது. மிகவும் பயனுள்ளது, சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் சொல்வது எத்தனை பேர் அந்தச் செய்முறையைக் கையாண்டார்கள் என்பதை மட்டுமே.

நோபல் வாங்கிய ஒருவரைக் காட்டி வாதிடுவது நியாயமா, கவனிக்கப்படாத கட்டுரைகளில் பெரும்பாலானவை கவனிக்கத் தகாதவைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எது தகுந்தது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே எண்களால் பிரித்துவிட முடியாது என்பதே என் வாதம். செடுக்ஸிமாப் மருந்தின் கதையும் ஒரே ஏறுமுகமாக இல்லை. எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயில் வழக்கமான வேதிமருந்தான சிஸ்பிளாட்டினைவிட அது பின்தங்கியதைப் பிந்தைய சோதனைகள் காட்டின. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதே ஏற்பியை அடைக்கும் நிமோடுசுமாபை, தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 536 பேரிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் கூடியது. ஆயுள் நீண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்படித் திருத்தும் முடிவுகளும் தாக்கம்தான் என்பேன். எந்த நோயாளிக்கு எது வேண்டாம் என்று மருத்துவருக்குச் சொல்பவை அவைதான்.

இன்னொரு ஆட்சேபத்துக்கு வலு அதிகம்: எண்களை விட்டுவிட்டால் சிபாரிசும் சாதியும் அறிமுகமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாதா? பிடிக்கும், அந்த அச்சம் நமக்கு அனுபவப்பூர்வமானது. அதனால் எண்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கட்டுரையைப் படித்தவர்கள், அது எதை மாற்றியது என்று காரணம் எழுதிக் கையெழுத்திடட்டும். எண்கள் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிரிட்டன் 2014-ல் பல்கலைக்கழகங்களை மதிப்பிட்டபோது இத்தகைய விவரிப்புகளைக் கேட்டது, 20 ஆண்டு பழைய ஆய்வையும் ஏற்றுக்கொண்டது. கோஹனின் கட்டுரை அந்த வரம்புக்குள்ளும் அடங்காது. ஆனாலும் இரண்டு ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ தேவலை; நம் பல்கலைக்கழகங்கள் அங்கிருந்து தொடங்கலாம்.