பொருளை யார் எழுதுவது?

காங்கோ டாட் காம் என்ற புத்தகக் கடை உலகில் எங்கும் இருந்ததில்லை. ஆனாலும் 2000-களின் தொடக்கத்தில் கணினி ஆய்வாளர்களின் ஆவணங்களில் அங்கே வியாபாரம் அமோகமாக நடந்தது. அமேசானைச் சொல்லாமல் சொல்ல இன்னொரு பெரிய ஆற்றின் பெயரைப் பிடித்திருந்தார்கள் போலும். வாங்க வந்தது மனிதர் அல்ல, ஒரு மென்பொருள். அது கடையைத் தானே தேடிக் கண்டுபிடித்து, விதிகளைப் படித்து, பணம் கட்டிப் புத்தகம் வாங்க வேண்டும். நடுவில் எந்த நிரலாளரும் கைகொடுக்கக் கூடாது.

மென்பொருள்கள் இணையம் வழியே ஒன்றையொன்று அழைத்து வேலை வாங்க அப்போதே வழி இருந்தது. இப்படி அழைக்கப்படும் இணையச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது, எந்த வடிவில் கேட்க வேண்டும், எந்த வடிவில் பதில் வரும் என்பதையெல்லாம் டபிள்யூ.எஸ்.டி.எல். என்ற கோப்பு சொல்லிவிடும். வடிவத்தை மட்டும்தான் சொல்லும். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வெப்பநிலையைத் தரும் சேவை ஒன்று, மாத்திரைப் பெயரைக் கொடுத்தால் விலையைத் தரும் சேவை இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சில எழுத்துகளை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைத் தருகின்றன. எந்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 38 என்று பதில் வந்தால் அது செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா, ரூபாயா?

இந்தக் குழப்பம் ஒரு விண்கலத்தையே விழுங்கியிருக்கிறது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. உந்துபொறிகளின் கணத்தாக்கைப் பவுண்டு-விநாடியில் தந்தது தரையிலிருந்த ஒரு மென்பொருள். அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது இன்னொன்று. வித்தியாசம் ஏறத்தாழ நாலரை மடங்கு. நியூட்டன்-விநாடியில்தான் தர வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. மனிதர்கள் படிக்க வேண்டிய ஆவணம் அது. எண்ணோடு அலகு சேர்ந்து போகவில்லை.

பொருளையும் எந்திரம் படிக்கும்படி எழுதிச் சேர்த்துவிடலாம் என்று கிளம்பியவர்களில் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் ஒருவர். 2001 மே மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவரும் ஜேம்ஸ் ஹெண்ட்லரும் ஓரா லசிலாவும் எழுதிய கட்டுரையில், ஒரு தாயின் சிகிச்சைக்கு மருத்துவமனை நேரங்களை மென்பொருள் முகவர்களே பேசி முடிக்கின்றன. இந்த முயற்சிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா அமைப்பு பணம் கொடுத்தது. 2004இல் ஓ.டபிள்யூ.எல்.-எஸ். என்ற விவரிப்பு மொழி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் சமர்ப்பிக்கப்பட்டது. சேவைக்கு என்ன தர வேண்டும், அது என்ன தரும் என்பதோடு இன்னும் இரண்டையும் இதில் எழுத வேண்டும்: தொடங்குமுன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்தபின் உலகில் என்ன மாறியிருக்கும். புத்தகக் கடையில் கடன் அட்டை செல்லுபடியாக வேண்டும் என்பது முன்நிபந்தனை. பணம் கழிவதும் புத்தகம் கிளம்புவதும் விளைவு.

சொற்களுக்கிடையிலான உறவையும் தனியாக எழுதி வைப்பார்கள். செடான் ஒரு கார், கார் ஒரு வாகனம். இதைப் படித்த மென்பொருள், கார் கேட்பவருக்கு 'வாகனம்' விற்கும் சேவையும் உதவக்கூடும் என்று தர்க்கத்தால் ஊகிக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு 2002இலேயே இத்தகைய பொருத்தத்தை நான்கு தரங்களாகப் பிரித்துக் காட்டியது.

ஆய்வு செழித்தது, சந்தை வரவில்லை. ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், எஸ்.ஏ.பி. நடத்திய பொதுச் சேவைப் பதிவேடு 2006இல் மூடப்பட்டது. பழைய கோப்பிலேயே பொருள்குறிப்பு ஒட்டும் எளிய முறையான எஸ்.ஏ.டபிள்யூ.எஸ்.டி.எல். 2007இல் தரமாக ஏற்கப்பட்டும் பெரிதாகப் பரவவில்லை. தர்க்கத்தில் குறையில்லை, கூலியில்தான் குறை. விவரித்து எழுதும் உழைப்பு ஒருவருடையது, பலன் முன்பின் தெரியாத இன்னொருவருக்கு. போதாக்குறைக்கு, எந்திரம் தேடிப் பிடித்த அறிமுகமில்லாத சேவையோடு ஒப்பந்தமில்லாமல் எந்த நிறுவனம் பணம் புழங்கும்?

கூலி கிடைத்த இடத்தில் கதை மாறியது. 2011இல் கூகுள், பிங், யாகூ சேர்ந்து ஸ்கீமா டாட் ஆர்க் என்ற பொதுச் சொற்தொகுப்பை வெளியிட்டன. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர்.வி. குஹா. சமையல் குறிப்பு, வேலை அறிவிப்பு, சினிமாக் காட்சி எதுவானாலும் பக்கத்தில் இந்தச் சொற்களைச் சேர்த்தால் தேடல் முடிவில் எடுப்பாகத் தெரியும். தளக்காரர்கள் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள்.

2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உள்பட ஐந்து நகரங்களில் முன்னோட்டம் பார்த்த ஓ.என்.டி.சி. வணிக வலையமைப்பும் ஏறக்குறைய இந்த வழிதான். வாங்குபவரின் செயலி ஒரு நிறுவனத்துடையது, விற்பவரின் செயலி இன்னொன்றுடையது. திருப்பி அனுப்பலாமா, ரத்து செய்யலாமா, எவ்வளவு நேரத்தில் கிளம்பும் என்பதற்கெல்லாம் முன்பே ஒப்புக்கொண்ட கட்டங்கள் உண்டு. ஊகிக்கும் தர்க்கம் ஏதுமில்லை, ஒப்பந்தச் சொற்கள்தான்.

இப்போது மொழி மாதிரிகளின் காலம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையில், மாதிரி அழைத்து வேலை வாங்கும் ஒரு கருவி என்ன செய்யும் என்பதைச் சாதாரண வாக்கியத்தில் எழுதினாலே போதும், மாதிரி படித்துக்கொள்ளும். எழுதும் உழைப்பு சுருங்கிவிட்டது. நிரூபிக்கும் தர்க்கமும் கூடவே போய்விட்டது. அலகை எழுதாமல் விட்டால் மாதிரி குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: கருவியின் விளக்கத்துக்குள்ளேயே, பயனரின் கோப்புகளை எடுத்து வேறிடம் அனுப்பச் சொல்லும் கட்டளையை ஒளித்து வைக்க முடியும். மாதிரி அதையும் விளக்கத்தின் பகுதியாகவே படித்துக் கீழ்ப்படிந்தது.