மேற்கு ஜன்னலின் மாலைக் கணக்கு

திருச்சியில் புது வீடு கட்டுகிறவர்கள் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இரண்டடி சன்ஷேடு போட்டுவிடுகிறார்கள். வெயில் அப்படிச் சமமாக விழுவதில்லை. ஊர் இருப்பது ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாயும். டிசம்பர் பிற்பாதியில் தெற்கே 56 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும்.

நாலடி உயர ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் நண்பகலில், தெற்கு ஜன்னலின் மேல் மூன்றடியை அந்த சன்ஷேடு காப்பாற்றிவிடும். ஏப்ரல் மாலை நாலேகால் மணிக்கு மேற்கு ஜன்னலில் நிழல் ஓரடியைச் சற்றே தாண்டும். ஐந்து மணிக்கு முக்காலடிதான். மிச்சமெல்லாம் வெயில்.

ஸ்ரீரங்கத்தின் சித்திரை, உத்திர வீதிகள் கோயிலை நாற்புறமும் சுற்றி ஓடுகின்றன. கீழ வீதியிலும் மேல வீதியிலும் ஒரு வரிசை வீடுகளுக்கு முகப்பே மேற்கு. அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணைக்கு மூங்கில் தட்டிதான் சரியான காவல். வெயில் ஏறும்போது இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிக்கொள்ளலாம். சன்ஷேடால் முடியாததை அது செய்துவிடும்.

தட்டி எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்பதைக் கணினியில் கணக்கிட முடியும். அமெரிக்க எரிசக்தித் துறை 2001-ல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ் என்ற இலவச மென்பொருள், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஒரு கட்டடத்துக்குள் நுழையும் வெப்பத்தைக் கணக்கிடும். தட்டி போன்ற பிளைண்டின் பட்டை அகலம், இடைவெளி, சாய்வு, நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பதையெல்லாம் நாம்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், அது கண்ணாடிக்கு உள்ளே தொங்குகிறதா வெளியே தொங்குகிறதா என்பது. வெளியே இருந்தால் சூடேறுவது தட்டி. அந்தச் சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போகும். உள்ளே தொங்கும் திரை தானும் சூடாகி, அதை அறைக்குள்ளேயே கொட்டும். ஏசி அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் மனிதர்கள். வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பிளைண்ட் தானே மூடிக்கொள்வதாக மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். வீட்டிலும் அலுவலகத்திலும் யாரும் அப்படி நடப்பதில்லை. மூடியதைத் திறக்க மறந்து, பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆகவே எப்போதும் திறந்த நிலை, எப்போதும் மூடிய நிலை இரண்டையும் ஓட்டிப் பார்க்காத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

குடியிருப்புகளுக்காக இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, சுவர், ஜன்னல் வழியே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. அதன் சூத்திரத்தில், நம் அட்சரேகைப் பகுதியில் மேற்குக்கு 1.156, வடக்குக்கு 0.659 என்று திசைக் காரணிகள் உண்டு. நிழல் என்று அது எண்ணுவது சன்ஷேடு போன்ற நிரந்தர வெளி அமைப்புகளை. சுருட்டி வைக்கும் தட்டிக்கு அதில் இடமில்லை. இது பெரிய குறை.

வீடு கட்டுகிறவர்கள் விதி திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். சன்ஷேடுக்குக் கம்பி கட்டும்போதே, மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே தட்டி மாட்டக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள்.